பேர் தெரியாதவர்களுக்கும் ஒரு பிடி எள்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போவதென்றால் விடியமுன் வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். மட்டக்களப்பு நகரத்திலிருந்து அமிர்தகழி பக்கம்தான். ஆனால் தீர்த்தமாட வரும் சனத்துக்குள் நடந்து பார்த்தால் தெரியும். கருவறையில் இருப்பது லிங்கம், சனம் கும்பிடுவது மாமாங்கப் பிள்ளையாரை. அதில் இங்கே யாருக்கும் குழப்பமில்லை.

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். எள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. பெருவிரல் பக்கமாகச் சரித்து ஊற்றச் சொன்னார் ஐயர். "வேறு யாருக்கும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் கடலில் ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் போனார்கள். தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வந்த கப்பல் அது. கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் போனது. அப்போது சிறுவனாக இருந்த அப்பப்பா, பெரியவனானதும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிடி இறைப்பார். அப்பா அதோடு விமானக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். "கப்பலில போனவனுக்குக் கப்பலாவது கிடக்கு. ஆகாயத்தில போனவனுக்கு என்ன கிடக்கு?" என்பார்.

அதே நாள் காலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடியப் படைப்பிரிவு ஒன்றின் கட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டுபிடித்தது. பிறகு சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து குண்டு போடப் போன பிளெனிம் விமானங்களிலும் சில திரும்பவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படிக் காணாமல்போய், கல்லறை இல்லாத விமானப்படையினரின் பேர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்நாட்டுப் போரில் எங்கள் ஊரில் காணாமல்போனவர்களுக்கு அப்படியொரு சுவர்கூட இல்லை. பக்கத்துப் படியில் ஓர் அம்மா, எள்ளைக் கையில் வைத்தபடி இறைப்பதா விடுவதா என்று நின்றுகொண்டிருந்தா. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"பேரும் தெரியாது, கோத்திரமும் தெரியாது ஐயா" என்றேன்.

"அதுக்கும் மந்திரம் இருக்கு" என்றார். தாயில்லாதவர், தகப்பனில்லாதவர், சுற்றமில்லாதவர் எல்லாரும் இந்தத் தண்ணீரால் திருப்தியடையட்டும் என்பது அதன் பொருள். வேகமாகத்தான் சொன்னார், பின்னால் வரிசை நின்றது.

வீட்டில் அம்மா காத்தோட்டிக்காய் பொரித்து வைத்துக் காத்திருப்பா. ஆனாலும் பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போனேன். அப்பாவும் தீர்த்தம் முடிந்து அங்கேதான் போவார். ஆடிக் காற்று, கடலில் ஒரு தோணி மட்டும். அலையில் கை நனைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், மோதிர விரலில் தர்ப்பை அப்படியே இருந்தது. ஐயர் கழற்றச் சொன்னதை மறந்துவிட்டேன். முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டேன்.