சன்ரூஃப் ஒழுகினால் முதலில் ரப்பரைத் திட்டாதீர்கள்

கார் கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, அதாவது சன்ரூஃபில், தண்ணீர் இறங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில், ரப்பர் போயிருக்கும், மாத்திடுங்க. இரண்டாவது பதில், சிலிகான் அடிச்சு மூடிடுங்க. என் பழைய காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் இதே வரிசையில் சொன்னார்கள், கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காமல். இரண்டுக்கும் தலையாட்டாமல் வந்துவிட்டேன். பிரச்சினை பெரும்பாலும் அந்த ரப்பரில் இருப்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் சன்ரூஃபில், கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் தண்ணீரை முழுசாக நிறுத்தும் என்று அதைச் செய்தவர்களே எதிர்பார்ப்பதில்லை. மழையின் பெரும்பங்கைத் தடுக்கும், காற்றுச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மீதி கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், புது காரிலும் வரும். அப்படி வருவதைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் பள்ளமான ஒரு சட்டம் இருக்கிறது. அதன் மூலைகளில் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் பென்சில் தடிமனில் ஒரு குழாய். முன்பக்கக் குழாய்கள் விண்ட்ஷீல்டின் இரு பக்கத் தூண்களுக்குள்ளும், பின்பக்கக் குழாய்கள் பின்தூண்களுக்குள்ளும் இறங்கி, காருக்கு வெளியே தண்ணீரை விட்டுவிடும். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். மாடிக்கு மேலே கூரை போடுவதா, குழாயில் அடைத்த இலையை எடுப்பதா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியும். காரில் மட்டும் அந்தக் குழாய் கண்ணில் படாததால் எல்லோரும் ரப்பரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வெளியிலிருந்து வாங்கி, கூரையை வெட்டிப் பொருத்திய சன்ரூஃப் என்றால் கதை வேறாக இருக்கலாம். பின்விளிம்பு மட்டும் மேலே தூக்கிக்கொள்கிற எளிய வகைகள் பலவற்றில் சட்டமும் கிடையாது, குழாயும் கிடையாது. அங்கே ரப்பர்தான் எல்லாம். உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, கண்ணாடியைத் திறந்து மூலைகளில் துளை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

ஈரம் எங்கே தெரிகிறது என்பதே பாதி விடை. முன்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்தால் அந்தப் பக்கத்து முன்குழாயைச் சந்தேகிக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின்குழாய். பிரேக் போட்டதும் கூரை விளக்கு வழியாகத் தண்ணீர் கொட்டினால் சட்டமே நிரம்பி நிற்கிறது, போக வழியில்லாமல். ஒரே கார் ஒரு மழையில் ஒழுகும், அடுத்த மழையில் ஒழுகாது, அதை வைத்துப் பலர் குழம்புவார்கள். சரிவில் எந்தப் பக்கம் மூக்கை வைத்து நிறுத்தியிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கும் மூலையில்தான் தண்ணீர் சேரும், அந்த மூலைக் குழாய் நன்றாக இருந்தால் எதுவும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்வைக்கும் இடத்தில் ஈரம் என்றாலே சன்ரூஃப் என்று முடிவு கட்ட வேண்டாம். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் முன்பக்க கார்ப்பெட் நனையும், அது மழையே இல்லாத நாளிலும் நனையும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் பெயர்ந்தாலும், விண்ட்ஷீல்டு ஒட்டிய இடம் விட்டாலும், கூரையில் இருக்கும் ஆன்டெனாவின் அடி ரப்பர் காய்ந்தாலும் தண்ணீர் வரும். கை வைத்தால் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

சோதனைக்கு ஹோஸ் பைப் வேண்டாம். அதில் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாமல் போகும். சன்ரூஃபைத் திறந்து ஒரு மூலைத் துளைக்குப் பக்கத்தில் சின்ன டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, கீழே எங்கே வருகிறது என்று பாருங்கள். பல கார்களில் முன்குழாய் கதவுக் கீல் இருக்கும் இடத்திலோ முன்சக்கரத்து ஃபெண்டருக்கு உள்ளேயோ முடியும், பின்குழாய் பின்பம்பருக்குப் பின்னாலோ பின்சக்கர வளைவிலோ முடியும். ஊற்றியதும் சட்டத்தில் தேங்காமல் இறங்கி, கீழே ஒழுங்காகச் சொட்டினால் அந்த மூலை நல்ல மூலை. தேங்கி நின்றால் அடைப்பு. சட்டத்திலிருந்து சரசரவென்று இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அதுதான் மோசமான விடை: குழாய் எங்கோ கழன்றோ கிழிந்தோ இருக்கிறது, ஊற்றியதெல்லாம் காருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்திவிடுங்கள்.

என் காரில் அடைப்பும் இருந்தது, கழன்ற குழாயும் இருந்தது. பின்னால் ஒரு குழாயின் வாயில் சேறு கட்டியிருந்தது. பல கார்களில் அந்த வாயில் சின்ன ரப்பர் மூக்கு ஒன்று, நடுவில் கீறலோடு இருக்கும். பூச்சியும் தூசியும் ஏறாமல் தடுக்க வைத்தது, நாளாக ஆக அதுவே தூசியைப் பிடித்துவைத்து மூடிக்கொள்கிறது. அதை விரலால் பிசைந்ததும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது, வேலை முடிந்தது. முன்னால் ஒரு பக்கம்தான் சோதித்துவிட்டது. அங்கே குழாய், சட்டத்தின் துளையில் அதை மாட்டும் மூக்கிலிருந்து நழுவியிருந்தது. பழைய குழாய்கள் காய்ந்து விறைத்து, கொஞ்சம் சுருங்கியும் போகும், அப்போது தானாகவே கழன்றுவிடும்.

அடைப்பு எடுக்க எல்லோரும் சொல்லும் வழி கம்ப்ரஸர் காற்று. மேலேயிருந்து வேகமாக அடித்தால் அடைப்பு போவதற்கு முன் குழாய் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடலாம், தூணுக்குள் நடப்பதால் அது நமக்குத் தெரியவும் தெரியாது. இரும்புக் கம்பியும் வேண்டாம், வளைவில் குழாயைக் குத்திவிடும். புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு இந்த வேலைக்கே செய்தது போல இருக்கிறது. முனையை லேசாகச் சூடு காட்டி மழுக்கிவிட்டு, மேலிருந்து சுழற்றிக்கொண்டே விடலாம். இடித்தால் அழுத்தாமல் பின்னால் இழுத்து மறுபடி விட வேண்டும். ஈரம் உறிஞ்சும் வேக்யூம் கிடைத்தால் கீழ்வாயில் வைத்து இழுப்பது இன்னும் நல்லது, குப்பை வந்த வழிக்குப் போகாமல் வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர்.

கழன்ற குழாயை மாட்டத் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கூரையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் ஹெட்லைனரின் மூலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அது ஓடுவது அதே தூண் வழியாகவும் கூரை ஓரத்திலும்தான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே கை வைக்கலாம். இதில் தைரியம் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதில் தவறே இல்லை. குழாயையே மாற்றுவதானால் பழையதின் முனையில் கயிறு கட்டி இழுத்து, அதே கயிற்றால் புதியதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

சரி, ரப்பர் நிஜமாகவே போயிருந்தால்? கிழிந்திருந்தால், மூலையில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால், விரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் இருந்தால் மாற்றலாம். அதற்கு முன் கண்ணாடியின் மட்டத்தைப் பாருங்கள். பல மாடல்களில் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்க வேண்டும். முன்விளிம்பு உயர்ந்திருந்தால் ஓடும்போது காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். பக்கத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மட்டம் பார்த்து இறுக்கினால் போதும், புது ரப்பர் தேவைப்படாது. ரப்பருக்குப் பூச வாசலின், சாதாரண கிரீஸ் எதுவும் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதிக் கெடும். சிலிகான் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும்.

சிலிகான் ஒட்டுப்பசை அடித்து நிரந்தரமாக மூடுவது பற்றி என் கருத்து இதுதான்: திறக்கவே மாட்டேன், மோட்டாரும் போய்விட்டது, கார் இன்னும் கொஞ்ச காலம்தான் என்றால் செய்யலாம். ஆனால் துளைகளைத் தொடக்கூடாது. ஒட்டு ஒரு ஓரத்தில் விட்டால் இறங்கும் தண்ணீருக்கு அந்தக் குழாய்தான் கதி. துளைக்குள்ளும் பசை போன கார்களைத் திறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் எப்போதாவது சரி செய்யலாம் என்று நினைத்தால், பசையைச் சுரண்டும்போது பெயின்டும் வரும், பெயின்ட் போன இடத்தில் துரு வரும்.

பிளாஸ்டிக் சட்டமே விரிசல் விட்டிருந்தால்தான் பெரிய வேலை. ஹெட்லைனர் முழுவதும் இறங்கி வெளியே வர வேண்டும், அது மடங்காமல் வருவதற்குள் சீட் வரை கழற்ற வேண்டியிருக்கும். புதிய அசெம்பிளி பழைய மாடலுக்குக் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் காரின் மதிப்புக்குப் பொருந்தாது. உடைத்து விற்கும் இடத்தில் அதே மாடலின் சட்டத்தை வாங்கலாம், வாங்கும் முன் அங்கேயே தண்ணீர் ஊற்றி மூலைகளைப் பாருங்கள், அதே வயதான பிளாஸ்டிக்கில் அதே விரிசல் இருக்க நிறைய வாய்ப்பு. விரிசல் சின்னதாகவும் கைக்கு எட்டும்படியும் இருந்தால் சுத்தம் செய்து, காயவைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் போடுவதே பழைய காருக்குப் போதுமானது என்பேன். மாற்றும் வேலை முடிந்ததும் மோட்டாருக்குத் திறந்த எல்லையும் மூடிய எல்லையும் மறுபடி தெரியவைக்க வேண்டும். பல கார்களில் மூடும் பட்டனை அழுத்திப் பிடித்தால் அது தானே கற்றுக்கொள்ளும், மாடலுக்கு மாடல் முறை மாறும்.

ஒழுகலை நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கார்ப்பெட்டை மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அடியில் இருக்கும் தடித்த ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே கிடக்கும். நாற்றமும் காலையில் கண்ணாடியில் படியும் ஆவியும் அங்கிருந்துதான். சில கார்களில் கன்ட்ரோல் யூனிட்டும் ஒயர் இணைப்புகளும் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஓடுகின்றன, பச்சை பூத்த இணைப்பு ஒன்று போதும், சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் டேஷ்போர்டில் எரிய. கார்ப்பெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, வேக்யூமால் இழுத்து, ஃபேன் வைத்துக் காயவிட வேண்டும். சீட்டைக் கழற்றினால் அடியில் இருக்கும் ஒயர்கள், குறிப்பாக மஞ்சள் நிறத்தவை, ஏர்பேக்குடையவை. அவற்றுக்கும் பேட்டரி விதி உண்டு, கழற்றிய நிலையில் சாவியையும் போடக்கூடாது.

ஹெட்லைனரில் விழுந்த பழுப்புக் கறையை ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுக்கலாம், போனவரை போகும். அழுத்தித் தேய்த்தால் துணிக்குப் பின்னால் இருக்கும் ஃபோம் பொடிந்து துணி தொங்க ஆரம்பிக்கும். என் காரில் பாதிக் கறை அப்படியே இருக்கிறது, ஹெட்லைனரை இறக்க வேறு வேலை வந்தால் அப்போது துணியை மாற்றிக்கொள்கிறேன்.