பதினாறு துளைகளும் ஒரு கைக்குட்டையும்

ஒலியியல் ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம். டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகுகிறதே, அதை அடக்கும் வேலை வந்தது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முனகல் 100, 200, 300 என்று வரும். என் பங்குக்கு 200. அதன் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். ஃபோம் வைத்து நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர் கனம் தேவை. எங்களுக்குக் கிடைத்ததோ 5 சென்டிமீட்டர்.

அதனால்தான் மெட்டாமெட்டீரியல், அதாவது எதனால் செய்தது என்பதைவிட உள்ளே இருக்கும் சிறிய அமைப்பாலேயே அலைகளைக் கட்டுப்படுத்தும் செயற்கைப் பொருள், அதன் பக்கம் போனோம். 2000-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஈயக் குண்டுகளுக்கு சிலிகான் ரப்பர் போர்த்தி, எபாக்சி என்ற கெட்டிப் பிசினில் பதித்து, அலைநீளத்தைவிட மிகச் சிறிய அமைப்பாலேயே 400 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியைத் தடுத்துக் காட்டியிருந்தார்கள். எங்களுடையது இன்னும் எளிது. 10 மில்லிமீட்டர் கனத்தில் வட்ட மூடி, நடுவில் 10 மில்லிமீட்டர் துளை, பின்னால் 40 மில்லிமீட்டர் வெற்று அறை. பாட்டில் வாயில் ஊதினால் கூவுமே, அதே சங்கதிதான்.

கணினியில் ஓட்டினேன். உறிஞ்சும் அளவு எல்லா அதிர்வெண்ணிலும் பூஜ்யம். காலை முழுக்க எங்கே பிழை என்று தேடினேன். சார் வந்து திரையைப் பார்த்தார்.

“காத்துக்குப் பாகுத்தன்மையே கொடுக்கலையேப்பா. செலவாக வழியில்லாத ஆற்றல் திரும்பி வராம எங்க போகும்?”

பாகுத்தன்மையின் உராய்வால் வரும் இழப்பை நான் எதிரியாக நினைத்து விட்டுவிட்டிருந்தேன். 200 ஹெர்ட்ஸில், துளைச் சுவரை ஒட்டி சுமார் 0.15 மில்லிமீட்டர் படலத்தில்தான் காற்று உராய்ந்து ஒலி வெப்பமாகிறது. அதைச் சேர்த்ததும் 60 சதவீதம் வந்தது. செய்துவைத்த மாதிரியின் ஓரத்தில் வாசலின் தடவி, இடுக்கில் ஒலி கசியாதபடி ஒலி அளக்கும் குழாய்க்குள் வைத்து அளந்தபோதும் ஏறக்குறைய அதே அளவு.

சரி, உராய்வுதானே வேண்டும் என்று வாசலின் கையோடு என் கைக்குட்டையை எடுத்துத் துளையின் மேல் ஒட்டினேன். உறிஞ்சும் அளவைக் காட்டும் வளைவின் உச்சி அப்படியே படுத்துவிட்டது. சார் சிரித்தார். துணி காற்றை அசையவே விடவில்லை. துளை இருந்தும் ஒலிக்கு அது வெறும் சுவர். உள்ளே நடக்கும் இழப்பும், துளை வழியாக ஒலி திரும்பக் கசியும் அளவும் சரிக்குச் சரியாக இருந்தால்தான் முழுசாக உறிஞ்சும். இதைப் பாடத்தில் படித்து மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன் என்பதுதான் கூத்து.

அப்புறம் பென்சிலோடு உட்கார்ந்தோம். ஒரு பெரிய துளைக்குப் பதில் 2 மில்லிமீட்டரில் பதினாறு. அதிர்வெண் அதிகம் நகராது, சுவர்ப் பரப்பு மட்டும் கூடும். 3டி பிரிண்டரில் துளைகள் சற்றுக் குறுகி வந்ததால், ஒவ்வொன்றையும் கையாலேயே டிரில் பிட் விட்டுச் சரிசெய்தேன். மாலை ஆறு மணிக்கு வளைவு 95 சதவீதத்தைத் தாண்டியது.

கைக்குட்டையில் வாசலின் கறை இன்னும் போகவில்லை.