பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலிருந்து என் ஃபைல் முதல் தடவை திரும்பி வந்தபோது மேலே பென்சிலில் ஒரே வரி: "கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் இல்லை." பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் யூடியூபில் போடும் வீடியோக்களும், அதன் கீழே வரும் கமெண்டுகளும்தான் என் ஆய்வு. உலகமே பார்க்கிற வீடியோவுக்கு எதற்குக் கையெழுத்து என்று ஆபீஸில் கேட்டேன். "செக்லிஸ்ட்ல இருக்கு, வாங்கிட்டு வாங்க."

நாற்பது படிவத்தோடு பஸ் ஏறினேன். ஒரு கையெழுத்துகூடத் தேறவில்லை. மரிக்கொழுந்துப் பாசி கிடைக்கிற மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இறங்கினால் வனத்துறை பிடிக்கும். விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே ஒரு அக்கா கேட்டார்: "நாங்க எங்க போனோம்னு நீ எழுதுவ, அதுல நாங்களே கையெழுத்தும் போட்டுத் தரணுமாக்கும்?"

"பேரை மாத்திருவேன்க்கா" என்று டிராஃப்டைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான். பிளஸ் டூ படிக்கிற அவர் மகள், நான் மேற்கோளாகப் போட்டிருந்த ஒரு கமெண்டை அப்படியே போனில் தட்டினாள். முதலில் வந்ததே அந்த வீடியோ. முகம், படகு நம்பர், பின்னால் தீவின் கரை, எல்லாம் இருந்தது. நான் யோசித்து யோசித்து வைத்த புனைபெயர் மட்டும்தான் அதில் இல்லை.

அன்று ராத்திரியே மேற்கோள்களை எல்லாம் வேறு வார்த்தையில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைத் தேடிப் பார்த்து, எதுவும் சிக்கவில்லை என்றால்தான் வைத்தேன். தீவுப் பெயர்களை எடுத்தாயிற்று. நடுவில் இரண்டு வீடியோக்களைப் போட்டவர்களே அழித்துவிட்டார்கள். என்னிடமிருந்த நகலையும் அழித்தேன். ஒரு அத்தியாயமே மெலிந்தது, வயிற்றெரிச்சல்தான். வாட்ஸ்அப் குழு ஒன்றில் அட்மின் "தாராளமா எடுத்துக்கங்க" என்றார். உள்ளே இருக்கிற மற்றவர்களிடம் யார் கேட்டது? அதையும் விட்டேன்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் போட்ட தகவலுக்குப் பொருந்தாது என்று சீனியர் ஒருவர் தைரியம் சொன்னார். வனத்துறைக்கு அது தெரியுமா அண்ணே என்றேன்.

கடைசியில் கைகொடுத்தது ஐசிஎம்ஆரின், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், 2017 வழிகாட்டுதல். நெறிமுறைக் குழு சம்மதித்தால் சில சூழ்நிலைகளில் வாய்மொழி ஒப்புதலே போதும். அந்தப் பக்கத்தை அச்சடித்து, அடிக்கோடிட்டு, இங்கே கையெழுத்துதான் ஆபத்து என்று ஒரு பக்க விளக்கமும் சேர்த்து மூன்றாம் தடவையாகக் கொடுத்தேன். அனுமதி வந்தது. கடிதத்தை நீட்டிக்கொண்டே அந்த ஆபீஸ்காரர் சொன்னார்: "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"