பெட்டி பரண்மேல், பாப்பா பஸ் போர்டில்

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கினேன். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு என்று ஆன்லைனில் விற்கிற செட்: ஃப்ளாஷ் கார்டு, ஒர்க் புக், மரத்தில் செய்த எழுத்துகள், வாராவாரம் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை, எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். இப்போது அது வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. ஐந்து வயதுப் பாப்பா வாசிக்கத் தொடங்கிவிட்டாள், ஆனால் அந்தப் பெட்டியால் இல்லை. என்ன புத்தகம் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே.

(ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்ற பஞ்சாயத்து இன்றைக்கு வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரை உள்ள பிள்ளைகளைத்தான் பேசுகிறது, அவளுக்கு ஆறு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்.)

பெட்டியில் இங்கிலீஷ் பகுதி நன்றாகத்தான் இருந்தது. 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளை எழுதுகிற மொழி அது, அதனால் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று ஆறே எழுத்தின் ஒலியை முதலில் கொடுத்து, அந்த ஆறை வைத்தே சின்னச் சின்ன வார்த்தைகளைக் கோக்க வைக்கிற முறை அதற்குப் பொருந்துகிறது. தமிழ்ப் பகுதியில்தான் கோளாறு. அதே அச்சில் தமிழையும் வார்த்துவிட்டார்கள். 'ப்' ஒரு கார்டு, 'அ' ஒரு கார்டு, இரண்டையும் ஒட்டி 'ப' என்று சொல்ல வேண்டுமாம். இந்த வயதில் அந்தப் பிரிப்பு எதற்கு? 'படம்' என்பதை மெதுவாக இழுத்துச் சொல்லச் சொன்னால் ப, ட, ம் என்று அவளே உடைக்கிறாள், உடைந்த ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் ஒரு எழுத்து தயாராக இருக்கிறது.

சரி, பழைய வழியே போதும் என்று லாங் பஜாரில் ஒரு சார்ட் வாங்கி மாட்டினேன். 247 எழுத்தும் வரிசையாக. அம்மா, ஆடு, இலை வரைக்கும் குஷி. 'எஃகு' வந்ததும் "அது இன்னாமா?" என்றாள், பதில் சொல்ல எவர்சில்வர் டம்ளரைத் தேட வேண்டியதாயிற்று. ங-வில் தொடங்கும் சொல் கிடைக்காமல் சங்கு படம் போட்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய சிக்கல், அவள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். படத்தைக் கையால் மறைத்தபோது தெரிந்தது.

அன்றைக்கே வரிசையை விட்டுவிட்டேன். சிலேட்டும் பலப்பமும் எடுத்து ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோட்டில் வருகிற எழுத்துகள், அப்புறம் ய, ர, க, அப்புறம் புள்ளி, அப்புறம் கால். இந்த ஏழெட்டு விஷயத்திலேயே படம், பட்டம், மரம், பாடம், காகம் எல்லாம் வந்துவிடுகிறது. கொம்பு வைத்த எழுத்துகளைத்தான் கடைசிக்குத் தள்ளினேன். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல். கு, து, பு இவற்றில் ஒரே உகரம் ஒவ்வொரு எழுத்தில் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறது, அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டியிருக்கிறது.

அதனால் புத்தகம் வாங்குவதற்கு இப்போது என்னிடம் ஒரே சோதனைதான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, பாப்பாவுக்கு இன்னும் தெரியாத எழுத்துகளை எண்ணுவேன். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் அவள் படிக்கிற புத்தகம், அதற்கு மேல் போனால் நான் படித்துக் காட்டுகிற புத்தகம். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை மற்றதாக நினைத்துக் கொடுத்தால் அழுகைதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் முதல் நிலையிலேயே சில கதைகள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகமும் பிடிஎஃப்பாக இலவசம், அதைப் பார்க்காமல் 6,500 ரூபாய் கொடுத்த அறிவாளி நான்.

இன்னொன்று, அச்சு. விலை மலிவான சில புத்தகங்களில் ர-வின் அடியில் அந்தச் சாய்வே இருக்காது, காலும் ர-வும் ஒன்றுபோலத் தெரியும். பாப்பா 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்தாள், தப்பு அவளுடையது இல்லை. மாமனார் ஆசையாகத் தன் சின்ன வயதுக் கதைப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானது, லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். அதை அவரே படித்துக் காட்டட்டும் என்று விட்டுவிட்டேன், இருவருக்கும் சந்தோஷம்.

பேச்சு வழக்கு விஷயத்தில் முதலில் நான் கொஞ்சம் முட்டாள்தனமாக நடந்துகொண்டேன். புத்தகத்தில் 'என்ன' என்று இருக்கும், அவள் 'இன்னா' என்று வாசிப்பாள், நான் உடனே திருத்துவேன், அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். யோசித்துப் பார்த்தால், பொருள் புரிந்ததால்தானே வீட்டுச் சொல் வாயில் வருகிறது? இப்போது திருத்துவதில்லை. பழத்தை மட்டும் விடவில்லை. என் அத்தைக்கு, அதாவது பாப்பாவின் ஆயாவுக்கு, அது 'பயம்'தான், வாழைப்பழம் 'வாயப்பயம்'. ஆனால் பயம் என்று வேறு ஒரு சொல் இருக்கிறது, அதையும் அவள் படிக்க வேண்டியிருக்கிறதே. அதனால் சாயங்காலம் ஆயாவும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து நாக்கை மடக்கி 'ழ' சொல்லிப் பார்க்கிறார்கள். பேத்தி ஓரளவு பிடித்துவிட்டாள்.

ஃப்ளாஷ் கார்டுகளின் வெறும் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எங்கள் வீட்டு வார்த்தைகளை எழுதிவைத்தேன். ஆ-வுக்கு ஆடு போய் ஆயா வந்தாள். ஆக, அந்தப் பெட்டியில் காகிதமாவது உதவியது.

போன வாரம் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது, யாரும் கேட்காமலே, எதிரே வந்த பஸ்ஸின் போர்டை விரல் வைத்து "பா... கா... ய... ம்" என்று படித்துவிட்டு, "பாகாயம்!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். அடுத்து வந்தது காட்பாடி பஸ். டி இன்னும் சொல்லித்தரவில்லை. "அம்மா, காட்பா பஸ்" என்றாள்.