ஐந்து பருவத்தில் பட்டம்: மூன்று முறை காரைக்குடிக்கு அலைந்த கதை

மூன்றாண்டுப் பட்டப்படிப்பை ஐந்தே பருவங்களில் (செமஸ்டர்) முடிக்கலாம் என்று 2024 கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபோது நான் பி.காம். முதலாண்டில் இருந்தேன். அப்பச்சிக்கு உடம்பு முடியவில்லை. ஆறு மாதம் முன்னால் வேலைக்குப் போனாலே வீட்டுக்குப் பெரிய விஷயம். முதல் பருவமோ இரண்டாம் பருவமோ முடியும்போதே கேட்டுவிட வேண்டும், மொத்த இடங்களில் பத்து சதவீதம் பேருக்குத்தான் என்று படித்ததும் கண்டனூரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

அன்று வகுப்பில்லாத நாள். கல்லூரி அலுவலக எழுத்தர் நாளிதழ்த் துண்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பேப்பரில் ஆயிரம் வரும். ஆணையைக் கொண்டு வாம்மா."

அடுத்த வாரம் ஆங்கில ஆவணம் முழுவதையும் அச்செடுத்துப் போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் புரட்டியவர், ஓரிடத்தில் பேனா முனையை ஊன்றினார். "வழங்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது? வழங்கியாக வேண்டும் என்று எங்கே இருக்கிறது, காட்டு." எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. திட்டத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பஸ் டிக்கெட்டும் அச்சுக்கூலியும் மிச்சம்.

வணிகவியல் பேராசிரியை ஒருவர்தான் உட்கார வைத்துப் பேசினார். காலம்தான் குறையுமாம், பாடச்சுமை குறையாதாம். பட்டத்துக்கான மொத்த பாட அலகுகளையும் (கிரெடிட்) எடுத்தே தீர வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் கூடுதல் தாள்கள் சேரும். பட்டம் என்னவோ மூன்றாண்டுப் பட்டத்துக்குச் சமம்தான். கேட்டதும் பாதி ஆசை வடிந்துவிட்டது. மீதிப் பாதிக்காக மூன்றாம் முறை போனேன்.

இம்முறை வாயால் கேட்கவில்லை. விண்ணப்பம் இரண்டு பிரதி. ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரை விழும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். பத்தாம் நாள் முதல்வர் கையெழுத்துடன் பதில் வந்தது: 'தற்போது நடைமுறையில் இல்லை.'

நீங்களும் கேட்பதாக இருந்தால் உங்கள் கல்லூரியும் அது இணைந்துள்ள பல்கலைக்கழகமும் இதை ஏற்றிருக்கின்றனவா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பாடக் கணக்கெல்லாம் பிறகு.

இப்போது மாலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கான ஆறு மாத வகுப்புக்குப் போகிறேன். அச்செடுத்த தாள்களின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. பற்று வரவை அதில்தான் போட்டுப் பழகுகிறேன்.