வாடைக்காலத்து எண்ணூர் முகத்துவாரம்

தூண்டிலோடு எண்ணூருக்குப் போவதென்றால் மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொசஸ்தலை ஆறு பெருகி வந்து முகத்துவாரத்து மணலை அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆற்றின் வாய் திறந்திருப்பதால் கடல்நீர் தாராளமாக உள்ளே ஏறி இறங்கும். கோடையில் மணல் மேடிட்டு வாய் குறுகிவிட்டால் தண்ணீர் தேங்கிச் சூடேறி, மீன் வேறு பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே குளிர்மாதங்கள்தாம் இந்த ஆற்றின் நல்ல காலம் என்பேன்.

இந்த முறை என்னோடு அத்தை மகனும் வந்தான். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் வேலை. விடுமுறைக்குத் திருவொற்றியூர் வந்திருந்தவன், "மச்சான், நம்ம ஆத்துல ஒரு நாள் தூண்டில் போடணும்" என்று வந்த அன்றே கேட்டுவிட்டான். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-லேயே வந்துவிட்டது என்றாலும், எனக்கு எண்ணூர் என்றால் கும்மிடிப்பூண்டி ரயில்தான். விடியுமுன் ஏறி, எண்ணூரில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் முகத்துவாரப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். நேரமிருப்பவர்கள் அடுத்த நிறுத்தமான அத்திப்பட்டு புதுநகர் வரை ஒருமுறை போய்த் திரும்புங்கள். ரயில் ஆற்றைக் கடக்கும்போது ஒரு பக்கம் அலையாத்திப் புதர்கள், இன்னொரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் என்று இந்த இடத்தின் கதை முழுவதும் ஜன்னலிலேயே தெரிந்துவிடும்.

வாடைக்காற்று நன்றாக வீசியது. நான் மப்ளர் கட்டியிருந்தேன், அவன் அரைக்கைச் சட்டையில் நின்றான். அங்கே டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு இறங்கி கிரேலிங் பிடிப்பவனாயிற்றே! தூண்டில் நரம்பை வீசிவிட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் அந்த மீனைப் பற்றித்தான் பேச்சு. சால்மன் குடும்பத்து மீன், முதுகில் பாய் விரித்த மாதிரி பெரிய துடுப்பு. டிரவுட் மீனுக்கு அவன் பக்கம் செப்டம்பர் முடிவோடு தடை வந்துவிடுவதால், குளிர்காலத்தில் ஆற்றோரம் நிற்பவர்களுக்கு கிரேலிங்தான் துணை. வசந்தத்தில் கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீன் என்பதால், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அதையும் தொடக்கூடாது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதை நான் சொன்னேன். மீனுக்கு ஓய்வு கொடுக்கும் மாதங்கள் இரண்டு ஊரிலும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்குப் பிடித்திருந்தது.

குளிர் கூடக் கூட கிரேலிங் கூட்டமாக ஆழமான மடுக்களுக்குள் இறங்கிவிடுமாம். வாய் சற்றுக் கீழ்நோக்கி இருப்பதால் அடியில்தான் அதிகம் மேயும். எனவே இரை தரையை ஒட்டி, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து போக வேண்டும். பிடித்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதையும் சும்மா தூக்கிப் போடுவதில்லை. களைத்துப்போன மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாகத் தண்ணீருக்குள் பிடித்திருந்து, அதுவாகத் துள்ளிப் போகும் வரை கையை எடுப்பதில்லை. "தண்ணி சுத்தமா, சில்லுன்னு இருக்கணும் மச்சான். கொஞ்சம் அழுக்கானாலும் மொதல்ல காணாம போறது இதுதான்" என்றான்.

எங்களைப் பார்த்துக்கொண்டே வலையைச் சீர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "இன்னா தம்பி, இத்தாம்பெரிய முள்ளு போட்டா மடவ எங்க கடிக்கும்? அதுக்கு வாயே இத்தினூண்டு." சிறிய தூண்டில் முள்ளாக அவரே மாட்டி, மைதா மாவை மிளகளவு உருட்டிக் குத்தி, தக்கையை மேலே ஏற்றிக் கட்டிக் கொடுத்தார். மடவை பாசியும் சேற்றில் மக்கியதும் தின்று வளரும் மீன். மண்ணோடு விழுங்கியதை அரைக்கக் கோழிக்கு இருப்பது போன்ற கெட்டியான இரைப்பை அதற்கு உண்டு. இறாலைக் காட்டினால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. உயிர் இறால் கொடுவா மீனுக்கு. அதுவும் தண்ணீர் ஏறும் நேரத்தில், பாலத் தூண் நிழலிலும் பாறை இடுக்கிலும் போட வேண்டும். இளம் கொடுவா பெரும்பாலும் ஆணாக இருந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும். பெரிய கொடுவாவையே குறிவைத்துப் பிடித்தால் முட்டையிட ஆளிருக்காது என்பதை யோசிக்க வேண்டும்.

கொடுவா எதுவும் கிடைக்கவில்லை. மடவை கிடைத்தது. விரல் நீளத்தில் வந்ததை அத்தை மகன் கேட்காமலே தண்ணீரில் விட்டான். பெரியவர் தலையாட்டினார். "பொடிய வுட்டாத்தான் அடுத்த வருசம் நமக்கு."

அவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சாம்பல் படிந்து ஆறு ஆழம் குறைந்ததையும், மின் நிலையத்திலிருந்து வரும் சுடுநீர்ப் பக்கம் மீன் அண்டாததையும் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இறங்கியபோது, இந்தக் குப்பத்துக்காரர்கள் படகில் போய் வாளியால் மொண்டார்கள். கையெல்லாம் கருப்பு. வலை போயிற்று, அலையாத்தி மரங்களின் அடிப்பாகம் கருத்தது, கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறக்கையோடு நின்றன. நல்ல மாதத்தில், முகத்துவாரம் திறந்து மீன் உள்ளே வரும் நேரத்தில் அது நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். யார்க்‌ஷயரில் ஒரு மீன் காணாமல் போனால் ஆற்றுக்கு நோய் என்று அறிகிறார்கள். இங்கே அதை அறிந்து சொல்ல மனிதர்களே இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும்.

வெயில் ஏறியபோது சற்று மேலே, முழங்காலளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலையில்லை, தூண்டிலில்லை. ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதை அதில் போட்டபடி நகர்கிறார்கள். அத்தை மகன் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தான்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைக் குப்பத்தில் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வலை கட்டியிருக்கும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள், அது ஒருவரின் அன்றைய சோறு. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும். மீன் படாவிட்டால் கரையில் கூறு போட்டு விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். மடவையைக் குடல் நீக்கி, வயிற்றுக்குள் இருக்கும் கருப்புச் சவ்வையும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழம்பில் சேற்றுவாடை வரும்.