கரும்பில் முட்டை அட்டை கட்டுகிறவர்களுக்கு

இடைக்கணுப்புழு கரும்புக்குள் புகுந்த பிறகு டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையைக் கட்டிப் பயனில்லை. அந்தக் குளவி புழுவைத் தொடாது, புழு பொரிக்கும் முட்டையை மட்டுமே தாக்கும். தன் முட்டையை அதற்குள் இட்டுவிடும். அதனால் நடவு செய்த நாலாம் மாதத்தில் தொடங்கி, 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை கட்டுங்கள். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 1 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை.

வாங்கும்போது அட்டையை உற்றுப் பாருங்கள். முட்டைகள் கருத்திருந்தால்தான் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். கருப்பில் பொடிப்பொடி ஓட்டை தெரிந்தால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது, காசு தண்டம்.

துண்டுகளாகக் கத்தரித்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் போடுங்கள். தரையோரம் வேண்டாம், எறும்பு ஒரே ராத்திரியில் தின்றுவிடும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிமருந்து டேங்க் வயல் பக்கமே வரக்கூடாது.